இரண்டாவது இடத்தில் நிற்கும் சொல்

மதிப்பிற்குரிய அம்மா,

பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் சோழிங்கநல்லூரில் ஒரு நேர்காணல். கடைசியில் “ஏதாவது கேட்கணுமா?” என்றார்கள். “வென் ஐ வில் கெட் த ரிசல்ட்?” என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். வென் தவறோ, வேறு வினாச்சொல் போட்டிருக்க வேண்டுமோ என்று குழப்பமாக இருக்கிறது. ஒன்பது வினாச்சொற்களையும் தமிழ் அர்த்தத்தோடு மனப்பாடம் செய்திருக்கிறேன். ஹூவுக்கும் ஹூமுக்கும், வாட்டுக்கும் விச்சுக்கும் என்ன வித்தியாசம்? எல்லாவற்றையும் ஒரே அட்டவணையாகத் தர முடியுமா?

ச., பெரம்பூர்

அன்புள்ள ச.,

அட்டவணை தரமாட்டேன். உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அது உங்களைக் காப்பாற்றவில்லை. நீங்கள் கேட்டது அந்த இருவருக்கும் முழுதாகப் புரிந்தது. புரிந்தபிறகும் சிரித்தது அவர்களுடைய பண்புக் குறைவு. அதை நினைத்து மனசை வருத்திக்கொள்ளாதீர்கள்.

ஆனால் உங்கள் மேலும் கோபம் உண்டு. வென் சரியான சொல்தான். ஒன்பது சொற்களுக்கும் அர்த்தம் ஒப்பிக்கிற நீங்கள், அவற்றுக்கு அடுத்து என்ன வருகிறது என்று ஒருமுறையாவது பார்த்தீர்களா? ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் முதல் நாளே இந்தப் பட்டியலைக் கொடுத்துவிடுகிறார்கள். வாட் என்றால் என்ன, வொய் என்றால் ஏன். பலருக்குப் பாடம் அதோடு முடிந்துவிடுகிறது. கொஞ்ச நாளாக என்னை அரித்துக்கொண்டிருப்பது இதுதான். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

தமிழில் கேள்வி கேட்க எதையும் நகர்த்த வேண்டாம். ‘ரவி நாளைக்கு வருவான்’, ‘ரவி எப்போது வருவான்?’ பதில் இருந்த இடத்திலேயே வினாச்சொல் உட்கார்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு நகர்வு வேண்டும். வினாச்சொல் வாக்கியத்தின் முன்னால் வரவேண்டும். அதன் பின்னாலேயே துணைவினை, அதாவது வில், ஆர், ஹேவ் போன்ற சொல், வந்து எழுவாய்க்கு முன் நிற்கவேண்டும். நாம் முதல் நகர்வைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறோம். ‘வென் ஐ வில் கெட்’, ‘வொய் யூ ஆர் லேட்’, ‘வேர் யூ ஆர் கோயிங்’ எல்லாம் ஒரே பிழைதான்.

முதலில் பதிலை முழு வாக்கியமாக எழுதுங்கள்: ‘த ட்ரெயின் வில் லீவ் தாம்பரம் அட் எய்ட்.’ தெரியாத துண்டு ‘அட் எய்ட்’. அதை எடுத்துவிட்டு வென் போட்டு முன்னால் கொண்டுவாருங்கள். பிறகு வில்லை எடுத்து ‘த ட்ரெயி’னுக்கு முன்னால் வையுங்கள்: ‘வென் வில் த ட்ரெயின் லீவ் தாம்பரம்?’ துணைவினைகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் முதலாவது மட்டும் நகரும்: ‘ஹவ் லாங் ஹேவ் யூ பீன் வெயிட்டிங்?’ இஸ், ஆர், வாஸ் தனியாக வந்தால் அவையே நகரும்.

துணைவினையே இல்லாவிட்டால் டூ, டஸ், டிட் மூன்றில் ஒன்றை வரவழைக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் இடறுகிறார்கள். ‘ரவி வென்ட் டு திண்டிவனம்’ என்பதிலிருந்து ‘வேர் டிட் ரவி வென்ட்?’ என்று கேட்டுவிடுகிறார்கள். இறந்தகாலத்தை டிட் வாங்கிக்கொண்டாயிற்று. வென்ட் மறுபடி கோ ஆகவேண்டும். ‘ஷி வொர்க்ஸ்’ என்பதன் கடைசி ஸ், டஸ்ஸுக்குப் போய்விடும்: ‘வேர் டஸ் ஷி வொர்க்?’ காலம் காட்டும் குறி ஒருமுறைதான் வரும், அதுவும் துணைவினையில்தான்.

இந்த டூ எதற்கு என்று யாரும் சொல்லித்தருவதில்லை. இரண்டு கேள்விகளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘ஹூ கால்ட் யூ?’ ‘ஹூ டிட் யூ கால்?’ முதலாவது, உங்களை யார் கூப்பிட்டது. இரண்டாவது, நீங்கள் யாரைக் கூப்பிட்டீர்கள். தமிழில் இந்த வேலையை ஐ உருபு செய்துவிடுகிறது; சொற்களை எப்படிக் கலைத்துப் போட்டாலும் ‘யாரை’ என்பது யாரைதான். ஆங்கிலத்தில் செய்தவர் யார், செய்யப்பட்டவர் யார் என்று காட்டுவது பெரும்பாலும் இடம்தான். வினாச்சொல்லே எழுவாயாக இருந்தால் அது முன்பே முதலிடத்தில் இருக்கிறது. நகர ஒன்றுமில்லை, டூவும் வராது. ‘ஹூ ப்ரோக் த கிளாஸ்?’, ‘ஹவ் மெனி பீப்பிள் கேம்?’, ‘விச் பஸ் கோஸ் டு பெரம்பூர்?’ சாதாரணமாக ‘யார் வந்தது’ என்று கேட்க ‘ஹூ டிட் கம்?’ என்று சொல்லக்கூடாது. ‘வாட் ஹேப்பண்ட்?’ என்பதை மட்டும் கேட்டுக் கேட்டுப் பழகி எல்லோரும் சரியாகச் சொல்கிறோம். அதே விதிதான் மற்றவற்றுக்கும்.

1611-ல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில், யோவான் 18-ஆம் அதிகாரத்தில், தம்மைப் பிடிக்க வந்தவர்களிடம் இயேசு ‘ஹூம் சீக் யீ?’ என்று கேட்கிறார். யாரைத் தேடுகிறீர்கள்? டூ இல்லை. சீக் என்ற முதன்மை வினையே எழுவாய்க்கு முன்னால் போய் நிற்கிறது. ‘யாரை’ என்பதை ஹூம் காட்டுகிறது. பிறகு முதன்மை வினை அப்படி நகரும் வழக்கம் ஒழிந்து, டூ கட்டாயமானது. பேச்சில் ஹூமும் தேய்ந்துபோனது. இன்று ‘யாரை’ என்று உணர்த்துவது டிட் நிற்கும் இடம்தான். ஆகவே ஹூம் பற்றிய கவலையை விடுங்கள். பேச்சுக்கு ஹூ போதும். எழுத்தில் டு, ஃபார், வித் போன்ற சொல் நேர் முன்னால் வந்தால் ஹூம் போடுங்கள். வாட், விச்? தெரிவுகள் கண்முன் இருந்தால் விச், இல்லாவிட்டால் வாட். இதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ‘ஹூ ஆல் ஆர் கமிங்?’ என்ற நம்மூர்ப் பேச்சை நண்பர்களோடு வைத்துக்கொள்ளுங்கள், தேர்விலும் நேர்காணலிலும் ஆல் வேண்டாம்.

இன்னொன்று, தம்பி. நீங்கள் சொன்ன வரிசை சரியாகும் இடமும் உண்டு. ‘குட் யூ டெல் மீ வென் ஐ வில் கெட் த ரிசல்ட்?’ இதில் குட் ஏற்கெனவே முன்னால் வந்துவிட்டது. உள்ளே போன கேள்வி சாதாரண வாக்கியத்தின் வரிசைக்குத் திரும்பிவிடும். அன்று முன்னால் நான்கு சொற்களைச் சேர்த்திருந்தால் பிழையும் இருந்திருக்காது, மரியாதையும் கூடியிருக்கும்.

வேடிக்கை பாருங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை, வருத்தமாகத்தான் இருக்கிறது: நேர்க் கேள்வியில் நகர்த்த மறக்கும் நாமே, நகர்த்தக்கூடாத இங்கே நகர்த்திவிடுகிறோம். ‘டூ யூ நோ வேர் இஸ் த பேங்க்?’ என்று நன்றாகப் படித்தவர்களே கேட்கிறார்கள். ‘பேங்க் எங்கே இருக்கிறது என்று தெரியுமா?’ என்பதில் ‘என்று’ முழுக் கேள்வியையும் மாற்றாமல் ஏற்றுக்கொள்கிறது. ஆங்கிலம் ஏற்காது. ‘வேர் த பேங்க் இஸ்’ என்றுதான் வரவேண்டும். டிட்டும் உள்ளே வராது: ‘ஐ டோன்ட் நோ வேர் ரவி வென்ட்.’ இதன் முடிவில் முற்றுப்புள்ளி, கேள்விக்குறி அல்ல. வினாச்சொல் இல்லாத கேள்வியை உள்ளே வைக்க இஃப் வேண்டும்: ‘ஆஸ்க் ஹிம் இஃப் ஹீ இஸ் கமிங்.’

தினமும் ஆங்கிலச் செய்தித்தாளில் ஐந்து வாக்கியங்களை எடுங்கள். ஒவ்வொன்றிலும் எழுவாயை மறைத்து ஒரு கேள்வி, வேறு துண்டை மறைத்து ஒரு கேள்வி, அதே கேள்வியை ‘ஐ டோன்ட் நோ’வுக்குப் பின்னால் வைத்து ஒரு வாக்கியம். மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். எழுதிப் பார்ப்பது மட்டும் பேச்சுக்கு உதவாது. எழுவாய் நீளமாக இருக்கும் வாக்கியமாகப் பார்த்து எடுங்கள். ‘வொய் டிட் ஹீ கம் லேட்?’ எளிதில் வந்துவிடும். ‘வொய் டிட் த பஸ் ஃப்ரம் பெரம்பூர் கம் லேட்?’ என்று கேட்கும்போது டிட்டுக்கும் கம்முக்கும் நடுவே நான்கு சொற்கள் வந்துவிடுகின்றன. கம் மறுபடி கேம் ஆகிவிடுவது அந்த இடைவெளியில்தான்.