கெண்டைக்கால் துடிக்குது டாக்டர், ஏஎல்எஸ்ஸா இருக்குமா?

கேள்வி: வயசு 29, கோயம்புத்தூர்ல ஐடி வேலை, பாதி நாள் நைட் ஷிப்ட். ஆறு மாசமா இடது கெண்டைக்கால் துடிக்குது, இப்போ தோள்பட்டை, கண் இமைன்னு எல்லா இடத்துலயும். கூகுள்ல தேடினா ஏஎல்எஸ்னு ஒரு நரம்பு வியாதி பேர் வருது. தினமும் காலையில டார்ச் அடிச்சு நாக்க பாக்குறேன், அதுவும் துடிக்குது. போன மாசம் நியூராலஜிஸ்ட் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னாரு, தசையில ஊசி போட்டுப் பாக்குற இஎம்ஜி டெஸ்டும் நார்மல், ஆனா சீக்கிரமே எடுத்துட்டதால தெரியாம போயிருக்குமோன்னு பயமா இருக்கு. விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 21 வயசுலயே வந்துச்சே? தை மாசம் கல்யாணம், தள்ளிப் போட்டுடலாமா?

பதில்: தம்பி, முதல்ல அந்த நாக்கு. நாக்க வெளிய நீட்டினா யாருக்கும் லேசா துடிக்கும், இத டைப் பண்றதுக்கு முன்னாடி நானும் கண்ணாடில நீட்டிப் பாத்தேன், எனக்கும் துடிக்குது. அதனாலதான் நாங்க நாக்க வாய்க்குள்ளயே தளர்வா வச்சுக்கச் சொல்லி பாப்போம். உங்க டாக்டரும் அப்படித்தான் பாத்திருப்பாரு.

ஏஎல்எஸ்ல தசைய இயக்குற நரம்பு செல்லுங்க செத்துட்டே வரும், அதனால பலம் போகும். செருப்பு தானா கழண்டுக்கும், சட்டை பட்டன் போட வராது, பேச்சு குழறும், தண்ணி குடிச்சா புரையேறும். பல பேர் துடிப்பச் சொல்லிட்டு வர்றதே இல்ல, கை வேலை செய்யலன்னுதான் வர்றாங்க, துடிக்கிறத நாங்கதான் கண்டுபிடிப்போம். நீங்க ஆறு மாசம் துடிச்சும் ஒத்தக்கால்ல நின்னு டெஸ்ட் பண்றதா மெயில்ல எழுதியிருக்கீங்க, ஒரு நாளைக்கு அம்பது தடவையாம், பலம் போன காலால அது முடியாது! அவ்ளோ நின்னா கால் வலிக்காம என்ன செய்யும், அந்த வலிய மறுபடி கூகுள்ல போட்டா அது இன்னொரு வியாதி பேர் சொல்லும்.

இஎம்ஜி சீக்கிரம் எடுத்துட்டோமோன்னு கேட்டீங்க. அஞ்சு மாசமா துடிக்கிற தசையில ஊசி போட்டுப் பாத்திருக்காங்க, நரம்பு செத்ததாலதான் அது துடிக்குதுன்னா அங்க தெரியாம இருக்குறது கஷ்டம். அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல இந்த மாதிரி சும்மா துடிப்பு இருந்த 121 பேர 2 வருஷத்துலேர்ந்து 32 வருஷம் வரைக்கும் தொடர்ந்து பாத்து 1993ல எழுதினாங்க, ஒருத்தருக்குக் கூட ஏஎல்எஸ் வரல. ஹாக்கிங் விஷயம் நிஜம்தான், ஆனா அந்த வயசுல வர்றது ரொம்ப அபூர்வம், பெரும்பாலும் அம்பத தாண்டினவங்களுக்குத்தான் வருது, அதுவும் லட்சம் பேர்ல வருஷத்துக்கு ஒருத்தர் ரெண்டு பேருக்கு.

அப்போ ஏன் துடிக்குது? தூக்கமின்மை, நைட் ஷிப்ட் காபி, பயம். பயந்தா அட்ரினலின் ஏறும், துடிப்பு கூடும், கூடினா இன்னும் பயம். தைராய்டு, பி12, கால்சியம், மெக்னீசியம் இதுவரைக்கும் பாக்கலன்னா ஒரே தடவை ரத்தம் குடுத்துப் பாத்துடுங்க, வருஷக்கணக்கா கேஸ் மாத்திரை போடுறவரா இருந்தா கட்டாயம் பாக்கணும். நம்ம பாட்டிங்க கண்ணு துடிச்சா சேதி வரும்னு சொல்லிட்டு அடுத்த வேலைய பாத்தாங்க. நான் ஃபைனல் இயர்ல நியூரோ வார்டு போஸ்டிங் போனப்போ மூணு வாரம் எனக்கும் இமை துடிச்சுது, ராத்திரி தூக்கமில்லாம டெக்ஸ்ட்புக்க புரட்டினேன், போஸ்டிங் முடிஞ்சதும் நின்னுடுச்சு.

உங்களுக்கு இப்போ வைத்தியம் வேண்டியது அந்த பயத்துக்கு. ரிப்போர்ட் நார்மல்னதும் ரெண்டு நாள் நிம்மதி, மூணாவது நாள் 'ஒருவேளை'ன்னு ஆரம்பிக்கும், அதனால இன்னொரு இஎம்ஜி எழுதிக் கேக்காதீங்க. இந்த மாதிரி வியாதி பயத்துக்கு, ஹெல்த் ஆங்சைட்டிம்போம், சிபிடின்னு பேச்சு சிகிச்சை இருக்கு, தேவைப்பட்டா மாத்திரையும் இருக்கு, வேலை செய்ய சில வாரம் ஆகும். ஒரு சைக்கியாட்ரிஸ்ட பாருங்க, கூச்சமா இருந்தா முதல்ல 14416க்கு, அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ்க்கு போன் போடுங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். நாக்கு, ஒத்தக்கால், கூகுள் மூணையும் ஒரே நாள்ல விட முடியாது, முதல்ல நாக்க விடுங்க.

மேல சொன்ன மாதிரி பலம் குறைஞ்சா திரும்ப நியூராலஜிஸ்ட்ட போங்க. திடீர்னு வாய் கோணுனாலோ ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ அது பக்கவாதமா இருக்கலாம், கூகுள தொடாம 108க்கு அடிங்க.

கல்யாணத்த தள்ளிப் போட வேணாம். ஆனா கட்டிக்கப் போற பொண்ணுகிட்ட இந்த ஆறு மாசக் கதைய தைக்கு முன்னாடியே சொல்லிடுங்க, கல்யாணத்துக்கு அப்புறம் விடிகாலையில நீங்க டார்ச்சும் கையுமா நிக்கிறத பாத்தா அவங்கதான் பயந்துடுவாங்க.