மகள் பொலிஸில் சேரப் போகிறாளாம்: சாம்பல்தீவுத் தாய் ஒருவருக்கு

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். "மானம் போய்விடும்" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். "மகளுக்கு நித்திரை போய்விடும்" என்று ஓரிடத்திலும் இல்லை. பொலிஸ் வேலை என்றதும் எனக்கு முதலில் வரும் கவலை அந்த நித்திரைதான். ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன். மானத்துக்குப் பிறகு வருகிறேன்.

போன வருடம் நிலாவெளி பஸ்ஸில் என் அடையாள அட்டை தொலைந்துபோனது. புதியது எடுக்க வேண்டுமென்றால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி வேண்டும். நம் திருகோணமலை மாவட்டத்துப் பொலிஸ் நிலையம் ஒன்றுக்குப் போய் வாங்கில் உட்கார்ந்தேன். முறைப்பாடு எழுதிய கொன்ஸ்டபிளுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். மேசைக்கு அடியில் சப்பாத்தைக் கழற்றி ஒரு பக்கம் தள்ளி வைத்திருந்தார். காலுறையின் விளிம்பு கணுக்காலில் வளையம்போலப் பதிந்து, அதற்கு மேலே கால் வீங்கிக் கிடந்தது. முதல் நாள் காலையிலிருந்து கடமையில் நிற்கிறாராம். இரவு வீதிச் சோதனை, விடிந்ததும் நீதிமன்றத்துக்குக் கைதியைக் கொண்டுபோய்க் கொடுத்தது, இப்போது இந்தப் புத்தகம்.

நான் தமிழில் சொன்னேன், அவர் சிங்களத்தில் எழுதினார். எழுதி முடித்ததும் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, கையொப்பமிட வேண்டிய இடத்தில் ஒரு புள்ளடி போட்டார். வாசித்துக் காட்டுங்கள் என்றேன். முகம் சிவந்துவிட்டது. உள்ளே பார்த்து யாரையோ கூப்பிட்டார். தமிழ் தெரிந்த பெண் கொன்ஸ்டபிள் ஒருவர் சோற்றுப் பார்சலை அப்படியே மூடி வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்தார். என் முறைப்பாட்டைத் தமிழில் திரும்ப எழுதி, வாசித்துக் காட்டி, அதன் பிறகுதான் கையொப்பம் கேட்டார்.

நான் சொல்ல வந்தது அடையாள அட்டையைப் பற்றியல்ல. எனக்குப் பக்கத்தில் ஒரு தாய், பதினைந்து வயதுப் பிள்ளையோடு எனக்கு முன்பிருந்தே உட்கார்ந்திருந்தார். என்ன விடயம் என்று அந்தக் கொன்ஸ்டபிள் இரண்டு முறை கேட்டபோதும், "பரவாயில்லை, இருக்கிறோம்" என்று மட்டும் சொன்னவர். இந்தப் பெண் வாய் திறந்து தமிழில் பேசியதுதான் தாமதம், எழுந்து பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே உள்ளே போய்விட்டார். என்ன முறைப்பாடோ, எனக்குத் தெரியாது. மூடிவைத்த சோற்றுப் பார்சல் நான் திரும்பும்வரை மூடியபடியே இருந்தது.

உங்கள் மகள் அந்தப் பெண்ணின் நாற்காலியில்தான் உட்காரக் கேட்கிறாள். அந்த நாற்காலி வேண்டியதுதான். ஆனால் அந்தச் சோறு ஆறிப்போகும் என்பதையும் அவள் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் இந்தத் திணைக்களத்தின் அடித்தளம். அதன் 56ஆம் பிரிவு, பொலிஸ் உத்தியோகத்தர் எந்நேரமும் கடமையில் இருப்பவராகவே கருதப்படுவார் என்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் எழுதிய வசனம், நூற்றைம்பது வருடம் கடந்தும் ஒரு மனிதனின் ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்து வைத்திருக்கிறது. 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல், 2025 மே மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தல். எட்டு மாதத்துக்குள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் வாக்குச்சாவடியில் காவல் நிற்பது இவர்கள்தான். இடையில் பத்ரகாளி அம்மன் கோவில் தேர், கோணேசர் கோவில் திருவிழா, வெசாக், உயர்தரப் பரீட்சை நிலையங்கள். நாம் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போகிற எல்லா இடத்திலும் அவர்கள் பழைய சட்டையோடு வெயிலில் நிற்கிறார்கள்.

இதற்கெல்லாம் எதிராகக் கொடி பிடிக்கவும் முடியாது. ஆசிரியர்களுக்கும் தாதியருக்கும் தொழிற்சங்கம் உண்டு. பொலிஸ் உத்தியோகத்தர் தொழிற்சங்கம் அமைக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பொறுப்பதிகாரி விடுமுறையை மறுத்தால் மேலே எழுதலாம். அடுத்த நாள் காலை அதே பொறுப்பதிகாரிக்குத்தான் சலூட் அடிக்க வேண்டும். மகள் வீட்டில் எப்படி? அநியாயம் என்று பட்டால் உடனே எதிர்த்துப் பேசுகிற பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல குணம். முதல் ஐந்து வருடம் அந்தக் குணத்துக்குப் பெரிய சோதனை.

சம்பளத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகப் படிப்படியாக உயர்த்த முடிவானது. பொலிஸுக்கு அதன்மேல் படிகளும் உண்டு. கையில் வருவது பரவாயில்லாத தொகைதான். ஆனால் இடமாற்றம் வந்தால் இரண்டு இடத்தில் அடுப்பெரிய வேண்டும். உங்கள் மகளை நிலாவெளியிலோ உப்புவெளியிலோ போடுவார்கள் என்று கனவு காணாதீர்கள். 56ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: பொலிஸ் உத்தியோகத்தருக்கு நாட்டின் எந்தப் பகுதியிலும் அதிகாரம் உண்டாம். அதிகாரம் எங்கும் உண்டென்றால் இடமாற்றமும் எங்கும் உண்டு. பொலிஸ் வைத்தியசாலையே கொழும்பு நாரஹேன்பிட்டியில். இங்கே காய்ச்சல் வந்தால் நம் பெரியாஸ்பத்திரிதான்.

இனி மானம்.

உங்கள் அண்ணன் "அந்தச் சீருடை இந்த வீட்டுப் படியேறக் கூடாது" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, நம் கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைதானவர்கள் விசேட அதிரடிப்படையினர், அதாவது பொலிஸ் திணைக்களத்தின் ஒரு பிரிவினர். 2019இல் சாட்சியம் போதாது என்று நீதிமன்றம் சந்தேகநபர்களை விடுவித்தது. அந்தப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்தவர்களுக்கு இன்று நாற்பது வயதாகிவிட்டது. அவர்களும் இப்போது பிள்ளைகளோடு அதே கடற்கரைக்குக் கடலை வாங்கப் போகிறார்கள். இந்த ஊரில் காக்கியைப் பார்த்ததும் வயிறு கலங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அதை மறந்துவிடு என்று ஒரு ஆலோசகன் சொல்லக் கூடாது.

இதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்: 1990 ஜூனில் இதே கிழக்கில் புலிகளிடம் சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வீடுகளிலும் தாய்மார் இருந்தார்கள். அப்படியொரு வீட்டுப் பிள்ளையும் உங்கள் மகளோடு பயிற்சிக் கல்லூரியில் ஒரே வரிசையில் நிற்கக்கூடும். அந்தப் பிள்ளையோடு எப்படிப் பேசுவாய் என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள்.

பொலிஸ் மீதான அவநம்பிக்கை தமிழருக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். அடித்து வாக்குமூலம் வாங்கினார்கள், முறைப்பாட்டை ஏற்க மறுத்தார்கள், தண்டச்சீட்டு எழுதாமல் விடக் காசு கேட்டார்கள் என்கிற பேச்சு மாத்தறையிலும் உண்டு, குருநாகலிலும் உண்டு. சித்திரவதைக்கு ஆகக்குறைந்தது ஏழு வருடச் சிறை என்று 1994இன் 22ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருக்கிறது, அடியும் நிற்கவில்லை. நாட்டின் பொலிஸ் மா அதிபரையே 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் 177 வாக்குகளால் பதவிநீக்கியது. தலைமையே அப்படியென்றால் சந்தியில் நிற்கிற கொன்ஸ்டபிளை யார் மதிப்பார்கள்?

என் அனுபவத்தில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். முப்பது மணித்தியாலம் நித்திரையில்லாதவன் வாயிலிருந்து நல்ல வார்த்தை வராது. வந்தவர் முகம் சுளிப்பார், வெளியே போய் நாலு பேரிடம் சொல்வார். ஊர் வெறுக்கும். ஊர் வெறுக்கிற வேலைக்கு நல்ல பிள்ளைகள் வரமாட்டார்கள். ஆள் பற்றாது, இருக்கிறவன் நாற்பது மணித்தியாலம் நிற்பான். இது அடிக்கிறவனுக்கு நான் சொல்லும் சாட்டு அல்ல. களைப்பு யாருக்கும் அடிக்கும் உரிமையைத் தருவதில்லை. ஆனால் உங்கள் மகள் உள்ளே போனால் இந்தச் சுழலுக்குள்தான் போவாள்.

கலியாணம் பற்றி நீங்கள் எழுதியதற்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. பொலிஸ்காரி என்றால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்கள் என்கிறீர்கள். சிலர் பின்வாங்குவார்கள். ஓய்வூதியமுள்ள அரசாங்க வேலை என்று முன்வருகிறவர்களும் இருப்பார்கள். இரண்டு கூட்டத்தையும் நம்பி ஒரு பிள்ளையின் வேலையைத் தீர்மானிக்க முடியாது. பெண் என்பதால் உள்ளேயே வருகிற தடையைப் பற்றிச் சொல்கிறேன். இந்த நாட்டில் பெண்கள் பொலிஸில் சேர்ந்தது 1952இல். ஒரு பெண் பிரதிப் பொலிஸ் மா அதிபராவதற்கு 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பதவி உயர்வையும் எதிர்த்து ஆண் அதிகாரிகள் உயர் நீதிமன்றம் போனார்கள். மகளிடம் இதை மறைக்காதீர்கள்.

என்ன செய்யலாம்? அவள் உயர்தரத்தில் கலைப் பிரிவில் மூன்று பாடமும் சித்தியென்றால், அவசரப்பட்டுக் கொன்ஸ்டபிளாகப் போக வேண்டாம் என்பது என் கட்சி. உப பொலிஸ் பரிசோதகர் பதவிக்கு நேரடியாக விண்ணப்பிக்க வழி உண்டு. போட்டி கடுமை. ஆனால் கொன்ஸ்டபிளாக நுழைந்து பதவி உயர்வுக்குக் காத்திருந்து தலை நரைத்தவர்களை நான் நேரில் அறிவேன். உயரம், வயது, பாடச் சித்தி எல்லாம் வர்த்தமானியில் வரும். வெள்ளிக்கிழமை தோறும் வெளியாகும், இணையத்தில் இலவசமாக வாசிக்கலாம். நண்பி சொன்ன தகுதியை நம்பாமல் அந்த அறிவித்தலையே வாசிக்கச் சொல்லுங்கள்.

பல்கலைக்கழகம் கிடைத்தால் முதலில் படிப்பு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். பட்டத்தோடு போகிற பெண்ணுக்கு, இந்த வேலை ஒத்துவராவிட்டால் திரும்பி வரவும் ஒரு வாசல் இருக்கும்.

சிங்களம் அவசியம். வடக்கு கிழக்கில் தமிழே நிருவாக மொழி, பதிவேடும் தமிழில் பேணப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. என் அடையாள அட்டை முறைப்பாட்டுக்கு அது எட்டவில்லை. அது எட்டும்வரை, இரண்டு மொழியும் சரளமாகத் தெரிந்த பெண் உத்தியோகத்தர்தான் அந்தச் சட்டத்துக்குக் கையும் காலும். இன்றைக்கே வகுப்புக்கு அனுப்புங்கள். பொலிஸ் கிடைக்காவிட்டாலும் வீண்போகாத படிப்பு.

ஒரு விடயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தரகர் ஒருவர் ஐந்து இலட்சத்துக்கு "உள்ளே போட்டுத் தருவதாக" சொன்னார் என்று கடைசிப் பக்கத்தில், யாருக்கும் தெரியக் கூடாது என்பதுபோல் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு சதமும் கொடுக்காதீர்கள். தாலிக்கொடியை அடகு வைத்து ஏமாந்த குடும்பங்கள் என் மேசைக்கு முன்னால் அழுதிருக்கின்றன. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. அந்த இலக்கத்தைத் தரகரிடம் சும்மா சொல்லிப் பாருங்கள், பிறகு உங்கள் தெருவுக்கே வரமாட்டார்.

வரும் சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். முடிந்தால் அண்ணனையும். அதற்கு முன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வாழ்க்கையில் நீங்கள் பொலிஸுக்குப் போகாமல் விட்ட முறைப்பாடு ஒன்று இருக்கும், எல்லோருக்கும் இருக்கும். அதை மகளிடம் சொல்லுங்கள். அவள் குறுக்கே பேசாமல், உங்கள் சொல்லிலேயே எழுதட்டும். எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் கீழே கையொப்பம் வையுங்கள். சான்றிதழ்களோடு அந்தத் தாளையும் கொண்டுவாருங்கள்.