24 தட்டுவடை செட்

கேள்வி: என் அணி இந்த வருடம்தான் மேல் டிவிஷனுக்கு வந்தது. வாராவாரம் தோல்வி. எப்படித் தாங்குவது?

2023-24 பிரீமியர் லீக்கில், அதாவது இங்கிலாந்து கால்பந்தின் மேல் டிவிஷனில், நான் லூட்டன் டவுன் அணியின் பக்கம். 38 ஆட்டத்தில் 6 வெற்றி, 8 டிரா, 24 தோல்வி. லூட்டன் தோற்றால் நண்பர்களுக்கு நான் எங்கள் ஊர்த் தின்பண்டமான தட்டுவடை செட் வாங்கித் தரவேண்டும் என்று பந்தயம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சேலத்துக்காரனுக்கு லூட்டன் எப்படி என்றால், என் சித்தி மகன் அங்கே படிக்கப் போனான். "அண்ணா, இங்க ஸ்டேடியம் வாசலே வரிசை வீட்டுக்கு நடுவுல இருக்கு, படியேறினா அடுத்தவங்க கொல்லைப்புறம் தெரியுது" என்று வீடியோ அனுப்பினான். கெனில்வொர்த் ரோடு மைதானம். வெளியூர் ரசிகர்கள் நிஜமாகவே அப்படித்தான் உள்ளே போகிறார்கள். எனக்கு அம்மாபேட்டை சந்து ஞாபகம் வந்துவிட்டது. 2014 வரை மேல் நான்கு மட்டங்களிலேயே இல்லாமல் ஐந்தாம் மட்டத்தில் கிடந்த அணி, 2023 மே மாதம் வெம்ப்ளியில் கவென்ட்ரியைப் பெனால்டியில் வென்று மேலே வந்தது. அதற்குமேல் எனக்குக் காரணம் வேண்டியிருக்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பெரிய தோல்விகளுக்குப் பயப்படாதீர்கள். முதல் ஆட்டத்திலேயே பிரைட்டனிடம் 4-1. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். தூக்கத்தைக் கெடுப்பது நாம் கிட்டத்தட்ட ஜெயித்துவிட்ட ஆட்டங்கள்தான். நவம்பரில் லிவர்பூலுக்கு எதிராக 80-வது நிமிடத்தில் சாங் கோல் போட்டார். நான் கத்தியதில் அப்பா எழுந்து வந்தார். 95-வது நிமிடத்தில் டயஸ் சமன் செய்தார். அப்பா அதையும் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் கத்துனியா?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

அதற்கடுத்த மாதம் ஆர்சனல். நமக்கு ராத்திரி 1:45க்கு ஆட்டம். லூட்டன் 3-2 என்று முன்னால் இருந்தது. ஆர்சனல் சமன் செய்தது. சரி, டிரா என்றாலே எங்களுக்குத் தீபாவளி என்று உட்கார்ந்திருந்தேன். 97-வது நிமிடத்தில் ஆர்சனலின் ரைஸ் தலையால் முட்டி முடித்தார். காலையில் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கொலுசுப் பட்டறையில் பற்ற வைக்கும்போது இரண்டு கண்ணிகளைக் கெடுத்தேன். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

இதற்கெல்லாம் மேலே டிசம்பர் 16. போர்ன்மத்தில் 59-வது நிமிடம், லூட்டன் கேப்டன் டாம் லாக்யர் இதயம் நின்று மைதானத்தில் விழுந்தார். அதே மனிதர் மே மாதம் வெம்ப்ளியிலும் விழுந்தவர். ஆட்டத்தை அப்படியே நிறுத்தினார்கள். அன்றைக்கு எங்கள் குழுவில் யாரும் செட் பேச்சை எடுக்கவில்லை. அவர் பிழைத்தார். மார்ச்சில் அந்த ஆட்டத்தை முதலிலிருந்து மறுபடி ஆடினார்கள். இடைவேளையில் லூட்டன் 3-0 முன்னிலை. முடிவு 4-3, போர்ன்மத்துக்கு.

இடையில் ஒரு ராத்திரி உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஜனவரி கடைசியில் அதே பிரைட்டனை 4-0 என்று அடித்தார்கள். அடெபாயோ ஹாட்ரிக், முதல் கோல் ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகாமல். கீழ் டிவிஷனுக்கு இறங்கவேண்டிய கடைசி மூன்று இடங்களிலிருந்து வெளியே வந்தோம். விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்குப் போனேன். காரணம் எதுவும் இல்லை, இருபது ஹேர்பின் வளைவு ஏறவேண்டும்போல இருந்தது. மேலே ஒரு டீ குடித்துவிட்டு இறங்கினேன். அதற்குப் பிறகு சீசன் முழுக்க ஒரே ஒரு வெற்றிதான் வந்தது.

புள்ளிப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. அதை வாரம் ஒருமுறை பாருங்கள், போதும். நான் தினமும் பார்த்தேன், கெட்டுப்போனேன். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு நிதி விதிமீறலுக்காக 4 புள்ளி கழித்த அன்று, அடுத்த வீட்டுச் சண்டையில் சந்தோஷப்படுகிற ஆள்போல இருந்தேன். கழித்தும் அவர்கள் 32, நாங்கள் 26. அந்த வருடம் கூடவே ஏறி வந்த பர்ன்லியும் ஷெஃபீல்டு யுனைடெட்டும்கூட இறங்கின. ஏறிய மூன்றும் ஒன்றாக இறங்கியது 1997-98க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அடுத்த வருடமும் அதேதான் நடந்தது. மேலே ஏற்கெனவே இருப்பவர்களுக்கு வருடக்கணக்காகச் சேர்ந்த பணம் இருக்கிறது, அதனால் உங்கள் அணி தோற்பதற்கு முழுக் காரணமும் கோச் என்று நினைக்காதீர்கள்.

அப்புறம், அதே ஊரில் இருக்கும் ஒரு ஆளையாவது பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தோல்விக்கும் சித்தி மகன் மழையில் நனைந்த தெருவை ஒரு போட்டோ எடுத்து அனுப்புவான். ஆறுதலா வெறுப்பேற்றலா தெரியவில்லை, ஆனால் அது வராத வாரம் நானே கேட்டேன்.

லூட்டன் அதற்கடுத்த வருடம் இன்னொரு படியும் இறங்கியது. நண்பர்களுக்கு அதில் சுவாரசியம் போய்விட்டது, பந்தயமும் நின்றுபோனது. போன மாதம் செட் கடை அக்கா கேட்டார்: "என்ன தம்பி, உங்க டீம் இப்பல்லாம் ஜெயிக்குதா? ஆளையே காணோம்?"