கையெழுத்தே பணமாக இருந்தவர்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க விடுதலைப் போருக்குச் சொத்தையெல்லாம் கொடுத்த ராபர்ட் மாரிஸைக் கடைசியில் கடனுக்காகச் சிறையில் தள்ளிவிட்டார்கள் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். மனசு ஆறவில்லை. ஒரு நாடு இப்படி நன்றி மறக்குமா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

அவர் சிறைக்குப் போனது உண்மை. ஆனால் அவரைத் தள்ளியது நாடு அல்ல.

லிவர்பூலில் பிறந்தவர். 13 வயதில் அமெரிக்கா வந்து, பிலடெல்பியாவில் ஒரு வணிகரிடம் வேலைக்குச் சேர்ந்து, 1757இல் அந்தக் குடும்பத் தொழிலிலேயே பங்காளியானார். கப்பலும் சரக்கும்தான் தொழில். அடிமை வணிகமும் அதில் இருந்தது, அதை மறைத்துவிட்டு இவரைப் பாராட்ட என்னால் முடியாது. 1776 ஜூலை 2 அன்று விடுதலைக்கான வாக்கெடுப்புக்கு வராமல் ஒதுங்கியவர், ஆகஸ்டில் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்.

சொத்தைக் கொடுத்தார் என்பதைவிட, தன் வாக்கின் மேல் ஊருக்கு இருந்த நம்பிக்கையைக் கொடுத்தார் என்பேன். 1781இல் அவர் நாட்டின் நிதிப் பொறுப்பை ஏற்றபோது காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், அச்சடித்த பணத்தாளை யாரும் சீந்தவில்லை. பணம் தருவதாக மாரிஸ் கையெழுத்துப் போட்ட சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அரசாங்கம் கைவிரித்தாலும் இவர் கொடுத்துவிடுவார் என்று நம்பினார்கள்.

அதே வருடம், போரின் முடிவைத் தீர்மானித்த சண்டைக்காக யார்க்டவுனுக்குப் போகும் வழியில், தளபதி வாஷிங்டனின் படை சம்பளம் கேட்டு முணுமுணுத்தது. மாரிஸ் துணைக்கு வந்திருந்த பிரெஞ்சுப் படையின் கஜானாவிலிருந்து சுமார் 20,000 டாலர் கடன் வாங்கினார். வீரர்கள் கண்ணெதிரே பீப்பாயின் மூடியை உடைத்து வெள்ளிக்காசைக் கொட்டினார்கள். போர் முழுவதும் தான் வாங்கிய ஒரே சம்பளம் அந்த ஆறு பிரெஞ்சுக் காசுதான் என்று ஒரு வீரர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

1789இல் செனட்டரானார். அப்புறம்தான் நில ஆசை. 1795இல் தொடங்கிய நிலக் கம்பெனியில் மட்டும் சுமார் 60 லட்சம் ஏக்கர். புதிய தலைநகரில் வாங்கிய மனைகள் தனி. கையில் ரொக்கம் இல்லை. கடன் சீட்டுகளை வைத்தே வாங்கினார்: அவர் சீட்டுக்கு ஜாமீனாகக் கூட்டாளி ஜான் நிக்கல்சன் கையெழுத்து, நிக்கல்சன் சீட்டுக்கு இவர் கையெழுத்து. ஒரு காலத்தில் ஒரு படையையே நடக்கவைத்த அதே கையெழுத்தை அடிமாட்டு விலைக்கும் வாங்க ஆளில்லை. கடன்காரர்கள் வீட்டு வாசலில் தீ மூட்டி இரவும் பகலும் காவலிருந்தார்கள். 1798 பிப்ரவரியில் சிறை. கடன் ஏறக்குறைய 30 லட்சம் டாலர்.

வாஷிங்டன் அவரை மறக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் சிறைக்கே போய் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். மாரிஸ் சிறையிலிருந்து வெளியே வந்தது கூட 1800இல் காங்கிரஸ் இயற்றிய திவால் சட்டத்தால்தான்.

1806இல் இறந்தார். உயிலில் மூத்த மகனுக்கு ஒரு தங்கக் கடிகாரத்தை எழுதிவைத்தார். அவருடைய அப்பா விட்டுப்போனது அது. அத்தனை கடனிலும் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.