நாகர்கோவிலில் யூக்கா ஏன் பூக்கவில்லை?

நாலு வருஷமாகியும் மொட்டைமாடித் தொட்டியிலுள்ள யூக்கா எலாட்டா பூக்கவில்லை என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். அது மெக்சிகோப் பக்கத்துச் சிவாவா பாலைவனச் செடி. தண்டு வருஷத்துக்குச் சுமார் 2.5 செ.மீ. தான் உயரும், பூக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

நம் மாவட்டத்தில் அதற்குள் செடியைக் கொல்வது மழைதான். இரண்டு பருவமழையும் இங்கே உண்டு. ஈரம் தங்கினால் வேர் அழுகும். நடுக்குருத்தை மெல்ல இழுங்கள்; கையோடு வந்தால் அழுகல் தண்டுக்கு ஏறிவிட்டது. தொட்டிக் கலவைக்கு இரண்டு பங்கு பருமணல், ஒரு பங்கு உடைத்த செங்கல், ஒரு பங்கு செம்மண் போதும். மழை குறைந்த ஆரல்வாய்மொழிப் பக்கம் பிழைக்கும் செடி, மழை மிகுந்த விளவங்கோட்டில் கூரையில்லாமல் பிழைப்பது கடினம்.

பூத்தாலும் தானாகக் காய்க்காது. மகரந்தம் சேர்க்கும் யூக்கா அந்துப்பூச்சி இங்கில்லை. அந்தியில் வெள்ளைப் பூ விரிந்ததும், வேறொரு செடியின் மகரந்தத்தைச் சிறு தூரிகையால் சூலகமுடியின் (பூ நடுவில் மகரந்தம் ஏற்கும் நுனி) குழிக்குள் திணியுங்கள். மேலே தடவினால் பிடிக்காது.