கத்தரித் தோட்ட வேலியில் ஆவாரை நடலாமா?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பகுதியில் கிணற்று நீரை நம்பி அரை ஏக்கரில் கத்தரி செய்கிறேன். பூ நிறைய வருகிறது, காய் போதாது. வேலியோரம் ஆவாரை வைத்தால் தேனீக்கள் வரும் என்கிறார்கள். காணிக்குப் பின்னால் மஞ்சள் பூப் பூக்கும் செடிகள் இடுப்பளவில் நிற்கின்றன. இலையைக் கசக்கினால் நாற்றம், காய் ஒடுங்கி மேல்நோக்கி வளைந்திருக்கிறது. அதையே பிடுங்கி நடலாமா?

பதில்: ஆவாரையைத் தாராளமாக நடுங்கள். ஆனால் நீங்கள் விவரித்த செடி ஆவாரை அன்று. பொன்னாவரை என்றும் பேயாவாரை என்றும் சொல்லப்படும் களைச்செடியாகவே அது தெரிகிறது. அமெரிக்க வெப்பவலயத்திலிருந்து வந்து இங்கு பரவிய அச்செடியின் விதைகளை அதிகம் தின்னும் மாடு, ஆடுகளுக்குத் தசை நலிவு ஏற்படும் என்பதால், அதை வேலிக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

ஆவாரை நமது வரண்ட வலயத்துக்கே உரிய, பல ஆண்டுகள் நிற்கும் புதர்ச்செடி. பூவைப் பார்த்து மட்டும் முடிவுசெய்தால் ஏமாந்துபோவீர்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே இருபுறமும் காதுமடல் போன்ற அகன்ற பச்சை இலையடிச் செதில்கள் விரிந்திருந்தால் அது ஆவாரை. அடுத்து, எதிரெதிரான சிற்றிலைச் சோடி ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு சிறு சுரப்பி குச்சிபோல் நிமிர்ந்து நிற்கும். பொன்னாவரையிலோ இலைக்காம்பின் அடியில் ஒரேயொரு சுரப்பிதான் உண்டு. ஆவாரையின் காய் தட்டையானது. முற்றியபின் கடதாசிபோல் மெலிந்து, உள்ளிருக்கும் விதைகளின் வடிவம் வெளியே தெரியும். மாரியில் முளைக்கும் இன்னொரு மஞ்சள் பூக் களையான தகரையை மூன்று சோடிச் சிற்றிலைகளைக் கொண்டே விலக்கிவிடலாம்.

கத்தரிக்கும் ஆவாரைக்கும் உள்ள உறவு பலர் கவனிக்காதது. இரண்டு பூக்களிலும் மகரந்தக்கூடு நுனித் துளை வழியாகவே மகரந்தத்தை வெளிவிடும். பூவைப் பற்றி அதிரவைக்கும் தேனீயால்தான் அதை நன்றாக உதிர்க்க முடியும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கும் கொசுத்தேனீக்கும் அந்த ஆற்றல் இல்லை. மரத்தைத் துளைத்துக் கூடமைக்கும் பெரிய கரிய தேனீக்களான கருவண்டுகளுக்கும், வயிற்றில் நீல வரிகள் கொண்ட சிறு தேனீக்களுக்கும் உண்டு. காலையில் ஆவாரைப் புதரருகே சற்று நின்றால், கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து உடலை வளைத்ததும் அதன் பறக்கும் ரீங்காரம் திடீரெனக் கூர்மையான ஒலியாக மாறுவதையும், அடுத்த கணம் அதன் வயிற்றுப்புறம் முழுவதும் மஞ்சள் தூள் படிவதையும் காண்பீர்கள். வேலியில் இவ்வண்டுகளுக்குத் தொடர்ந்து மகரந்தம் கிடைக்குமானால், அதே வேலையை அவை உங்கள் கத்தரிப் பூவிலும் செய்யும். ஆனால் ஆவாரைப் பூவில் தேன் இல்லை; ஆகவே வரம்புகளில் தும்பையையும் பொடுதலையையும் களைநாசினி அடித்து அழிக்காமல் விட்டுவையுங்கள்.

விதைக்கு, பழுப்பேறி உலர்ந்த காய்களை நன்கு தெரிந்த இடத்திலிருந்து எடுங்கள். போர்க்கால வெடிபொருள் எச்சரிக்கைப் பலகை உள்ள பற்றைக்காட்டுக்குள் விதை தேடி ஒருபோதும் நுழையவேண்டாம். விதைத்தோல் கடினமானது. கொதிக்கவைத்த நீரை அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறவிட்டு, அதில் விதைகளைப் போட்டு ஓர் இரவு வைத்திருந்து, ஊதிப் பருத்தவற்றைப் பொலித்தீன் பைகளில் ஊன்றுங்கள். ஆவணியில் ஊன்றினால், ஐப்பசி மழையில் மண் நனைந்ததும் 4 அல்லது 5 அடி இடைவெளியில் நடலாம். செம்மண் மேட்டில் நன்றாக வரும். தண்ணீர் தேங்கும் வயற்காணியில் வைக்கவேண்டாம். வேரூன்றியபின் கோடைக்கு நீர் கேட்காது. பொதுவாக இரண்டாம் ஆண்டிலிருந்து நன்றாகப் பூக்கும். கவாத்து செய்யும்போது வேலி முழுவதையும் ஒரே நாளில் வெட்டாமல் பகுதி பகுதியாக வெட்டினால் பூ இடையறாது. அவரைக் குடும்பமாயினும் இதன் வேரில் முடிச்சு உண்டாகாது, ஆகவே மண்ணுக்கு நைதரசன் சேர்க்கும் என்று எண்ணிப் பசளையைக் குறைக்கவேண்டாம். வெட்டிய தழையைப் பசுந்தாளாகப் போடலாம். தேநீருக்குப் பூப் பறிப்பவர்கள் ஒவ்வொரு செடியிலும் பாதியையாவது விட்டுவைக்கவேண்டும்.

இனி, நான் மிகவும் அஞ்சும் விடயம். தண்டும் காயும் துளைக்கும் புழுவுக்குப் பயந்து நம்மவர்கள் விடிந்ததும் மருந்து அடிக்கிறார்கள். வண்டுகள் பூவுக்கு வரும் நேரமும் அதுதான். அப்பழக்கத்தை மாற்றாமல் ஆவாரை நட்டால், வண்டுகளை அழைத்துவந்து கொல்வதாகவே முடியும். வாடிய தண்டு நுனிகளை வாரந்தோறும் வெட்டி எரித்து, இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, தவிர்க்கவே முடியாதபோது மட்டும் மாலையில் தெளியுங்கள். இமிடாக்குளோபிரிட் போன்று செடிக்குள் ஊடுருவும் மருந்துகள் மகரந்தத்திலும் சேர்வதால், பூக்கும் காலத்தில் அவற்றை மாலையில் அடித்தாலும் வண்டுகளுக்குப் பாதுகாப்பில்லை.

காய் குறைவதற்கு வண்டு இன்மை மட்டுமே காரணம் என்றும் கொள்ளாதீர்கள். கத்தரியில் ஒரே செடியிலேயே தம்பம் (பூவின் நடுவே நிற்கும், மகரந்தத்தை ஏற்கும் தண்டு) நீண்ட பூக்களும் குறுகிய பூக்களும் வரும். தம்பம் மகரந்தக்கூடுகளுக்குள்ளேயே மறைந்திருக்கும் குறும்பூக்கள் பெரும்பாலும் காய்க்காமல் உதிரும். உதிர்ந்த பூக்களில் ஒரு கைப்பிடி எடுத்துப் பிரித்துப் பாருங்கள். குறும்பூக்களே அதிகமென்றால், முதலில் நீர்ப்பாய்ச்சலையும் பசளையையும் சீராக்குங்கள்; நீண்ட தம்பப் பூக்களும் சேர்ந்து உதிர்ந்திருந்தால் வண்டுப் பற்றாக்குறை என ஐயுறலாம். ஆவாரை பூக்கும்வரை காத்திராமல், வேலியில் பட்டுப்போன முருங்கைக் கொம்புகளையும் காய்ந்த மூங்கில்களையும் எரிக்காமல் இப்போதே விட்டுவையுங்கள். கருவண்டு அவற்றைத் துளைத்துத்தான் கூடமைக்கும்.