பாதிச் சொட்டும் விஷம்தான், ஆச்சி

(பதில்: காரைக்குடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்)

கேள்வி: கல்யாணத்துக்காக எங்கள் பூர்வீக வீட்டை ஐந்து மாதம் கழித்துத் திறந்தோம். வளவில் கால் வைத்ததுமே கணுக்காலெல்லாம் தெள்ளு. இரண்டாம் கட்டில் காவல்காரர் வளர்க்கும் பூனைக்கு, நாய்க்கு வாங்கிய 2 மில்லி சொட்டு மருந்தில் பாதியைப் பிடரியில் விட்டேன். கடைக்காரர்தான் பாதி போதும் என்றார். மாலையில் காது துடித்தது, எச்சில் வடிந்தது, உடம்பு தூக்கிப்போட்டது. மருத்துவரிடம் இரண்டு நாள் இருந்து பிழைத்தது. இனி வேப்பெண்ணெய்தான் தடவ வேண்டுமா?
(ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்)

பதில்: பிழைத்துவிட்டது, அது போதும். என் கோபம் உங்கள் மேல் இல்லை, அந்தக் கடைக்காரர் மேல்.

நாய்களுக்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் இருப்பது பெர்மெத்ரின். நாயின் கல்லீரல் இதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அதற்கு வேண்டிய நொதி மிகக் குறைவு. மருந்து உடம்பிலேயே தங்கி நரம்புகளைத் தூண்டிக்கொண்டே இருக்கும். முதலில் காது துடிக்கும், ஈரத்தை மிதித்ததுபோல் பாதத்தை உதறும், பிறகு வலிப்பு. கணக்கையும் பாருங்கள். 45 சதவீத மருந்தில் 1 மில்லிக்கு 450 மில்லிகிராம். 3 கிலோ பூனைக்குக் கிலோவுக்கு 150 வருகிறது. கிலோவுக்கு 100 மில்லிகிராமே உயிரைப் பறிக்கக்கூடியது. 'பாதி' எங்கே காப்பாற்றும்?

மாட்டு உண்ணிக்குக் கலக்கும் சைபெர்மெத்ரினும் டெல்டாமெத்ரினும் இதே குடும்பம். நாயைக் கழுவும் அமிட்ராஸ் வேறு வகை என்றாலும் பூனைக்கு ஆகாது. நான் வேலையில் இருந்தபோது ஒரு பூனையைப் பனையோலைக் கொட்டானில் வைத்துக் கொண்டுவந்தார்கள். கொட்டானைத் திறக்குமுன்பே மாட்டு மருந்து நெடி. விஷமுறிவு என்று நடுங்குகிற வாயில் புளித்தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அது நுரையீரலுக்குள் போய், எனக்கு ஒன்றுக்கு இரண்டு நோயாகிவிட்டது.

தவறிப் பட்டுவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். வெந்நீர் தோலின் ரத்த ஓட்டத்தைக் கூட்டி மருந்தை உள்ளே இழுக்கும். பச்சைத் தண்ணீர் உடம்பைச் சில்லிட வைத்து நடுக்கத்தைக் கூட்டும். வலிப்பு வந்துவிட்டால் கழுவிக்கொண்டும் நிற்க வேண்டாம். துண்டில் சுற்றி மருத்துவரிடம் ஓடுங்கள், மருந்தின் அட்டையையும் எடுத்துக்கொண்டு.

வேப்பெண்ணெய் வேண்டாம், ஆச்சி. பூனை நாள் முழுவதும் தன்னை நக்கும் பிராணி; முதுகில் தடவுவது வயிற்றுக்குத்தான் போகும். கற்பூரத் தைலம் அதைவிட மோசம். பூனைக்கென்றே செலாமெக்டின், ஃபிப்ரோனில் சொட்டு மருந்துகள் இருக்கின்றன. எடை பார்த்து, அதுவும் உங்கள் பூனை முழுதாகத் தேறிய பிறகு, மருத்துவரைக் கேட்டுப் போடுங்கள்.

உங்கள் தெள்ளின் ஊற்றுக்கண் பூனை இல்லை, வீடு. தெள்ளின் கூட்டுப்புழு பட்டுக்கூடு போன்ற உறைக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும். காலடி அதிர்வும், உடம்புச் சூடும், மூச்சுக்காற்றும் பட்டால் வெளியே குதிக்கும். பூட்டிக் கிடந்த நம் ஊர் வீடுகளில் கல்யாணக் கூட்டம் நுழைந்ததும் கடிப்பது இதனால்தான். ஆத்தங்குடிக் கல் தரை வழவழப்பானது, பிரச்சினை இல்லை. சுருட்டி வைத்த கோரைப்பாய், சாக்கு, பூனை படுக்கும் பழைய துணி, இவற்றைப் பாருங்கள். துணியை வெந்நீரில் அலசி, பாயை வெயிலில் உதறுங்கள். சில வாரம் தினமும் கூட்டிப் பெருக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: பூனைக்கான மருந்துதான் போட்டேன். உடனே வாயில் நுரை தள்ளியது. இதுவும் விஷமா?
(ஒரு வாசகர், தேவகோட்டை)

பதில்: நக்கியிருக்கும். மருந்து கசக்கும், அந்த நுரை பெரும்பாலும் சற்று நேரத்தில் நின்றுவிடும். அடுத்த முறை நாக்கு எட்டாதபடி, மண்டை ஓடு முடிகிற இடத்தில் மயிரைப் பிரித்துத் தோலில் விடுங்கள். நுரையோடு நடுக்கமோ தள்ளாட்டமோ இருந்தால் என் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். இந்த இதழ் மாதம் ஒருமுறைதான் வருகிறது.